பந்தயத்துக்கு முன்னால் போன கேஷ் வேன்

அந்த ஊரில் குண்டு துளைக்காத வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை ஓட்டியவரை ஊர் 'உஷார்' என்று கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி யார் அழைத்தாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக் கூடாது என்பது கேஷ் வேன் கம்பெனியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

வங்கிகளுக்கும் ஏடிஎம்களுக்கும் பணம் கொண்டுபோகிற அந்த வேனை அவர் தன் மகள் பிறந்த வருடம் ஓட்ட ஆரம்பித்தார். இத்தனை காலத்தில் ஒரு கொள்ளைக்காரனாவது வந்தானா என்றால், இல்லை. ஒரு பிக்பாக்கெட்கூட எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் உஷார் ஒவ்வொரு நாள் காலையிலும், வரப்போகிறார்கள், இன்றைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்புவார். நாற்பதுக்கு மேல் முள் ஏறாது. ஓரக்கண்ணாடியை விட்டுக் கண் அகலாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கன்மேன், வண்டி கம்பெனி கேட்டைத் தாண்டுவதற்குள் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிவிடுவார். அவர் விழித்திருந்து ஒரு தடவையாவது பார்த்தோம் என்று சொல்ல ஊரில் ஆள் கிடையாது.

வேலையை வேலையோடு விட்டுவிட்டு வருகிற ஆளா அவர்? வீட்டுக் கதவைத் தட்டுவதற்குக்கூட ஒரு முறை வைத்திருந்தார். இரண்டு தட்டு, சின்ன இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. இரண்டு கையிலும் பையோடு கடைக்குப் போய்விட்டு வருகிற மனைவி முழங்கையால் தட்டுவாள். முழங்கைக்கு இடைவெளி விடத் தெரியாது. உடனே உள்ளே இருந்து "யாரு?" என்று ஒரு குரல் வரும். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு லாக்கரைக் கட்டிக்கொண்டிருக்கலாம், அதுவாவது சாவி போட்டால் திறக்கும் என்று அவள் வாசலில் நின்று எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள். குடும்பத்தோடு காரில் போனால் கிளம்பிய இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம் வரை நடுவில் நிறுத்தமாட்டார். யாருக்கு எவ்வளவு அவசரமானாலும் சரி. கல்யாண வீடுகளில் குரூப் போட்டோ எடுத்தால் கதவுக்குப் பக்கத்து ஓரத்தில் நிற்பார். பாதிப் படங்களில் அவருடைய ஒரு தோள்தான் இருக்கிறது.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள் கார் பந்தயக்காரி ஆகிவிட்டாள்.

இதற்கு அவர் யாரையும் குறை சொல்ல முடியாது என்பதுதான் பெரிய கொடுமை. மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவரேதான். மற்ற அப்பாக்கள் வண்டியை ஓரமாக நிறுத்தவும் சிக்னலில் காத்திருக்கவும் சொல்லித் தருவார்கள். உஷார், மூடிக் கிடந்த ஒரு மில்லின் மைதானத்துக்கு அவளைக் கூட்டிப்போய், பின்னால் வண்டி துரத்தினால் என்ன செய்வது, முன்னால் மறித்தால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து எப்படி ஒரே வெட்டில் திரும்புவது, ரிவர்ஸில் எப்படிப் பறப்பது என்று பாடம் நடத்தினார். எல்லாம் பாதுகாப்புக்காகத்தான். அந்தப் பெண்ணோ அதையெல்லாம் கற்றுக்கொண்டு, துரத்த யாரும் இல்லாதபோதே அப்படி ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். பழைய கார் ஒன்றை வாங்கி, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் சிநேகிதியை வழி சொல்ல உட்கார வைத்துக்கொண்டு, சின்னச் சின்னப் பந்தயங்களில் கப்புகளாக அடுக்கினாள். அவள் ஓட்டி உஷார் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்தால் நெஞ்சு நின்றுவிடும் என்பார். கப்புகளை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

மகளுக்காக அவர் வேறு ஒரு ஏற்பாடும் செய்திருந்தார். அவருடைய கம்பெனியில் நோட்டு எண்ணுகிற அறையில் ஒரு வேலை. ஜன்னல் கிடையாது. கதவு இரும்பு. வாசலில் காவல். உலகத்தில் இதைவிடப் பத்திரமான நாற்காலி இருக்கிறதா என்று மனைவியிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். மகள் மறுக்கவில்லை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் மலைச்சாலையில் பந்தயம் நடக்கிறது, வெளியூரிலிருந்து பெரிய பந்தயக் குழுவின் தலைவர் ஓட்டுநர் தேட வருகிறார், அவர் என்னை எடுக்காவிட்டால் திங்கட்கிழமை நோட்டு எண்ணப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். சொல்லும்போது முகம் வாடிப்போயிருந்தது. உஷார் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது டயர் கடைக்கு ஒரு போன் வந்தது. பந்தயம் நடத்துகிற சங்கத்துக்குச் செயலாளர் டயர் கடைக்காரர்தான். கரகரத்த ஆண்குரல் ஒன்று, ரேஸ் நடந்தால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. டயர் கடைக்காரர் கடையைப் பாதியில் மூடிவிட்டு இன்ஸ்பெக்டரிடம் ஓடினார். அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவி, மலையேற வந்தவர்கள் பையைக் கட்டினார்கள். பாராசூட்டில் குதிப்பதற்காக வந்திருந்த ஒரு கூட்டம், பஸ்ஸில் போனால் ஆபத்து என்று டாக்ஸி பிடித்துப் போனது. குன்றிலிருந்து குதிக்கப் பயப்படாதவர்கள் பஸ்ஸுக்குப் பயந்ததை என்னவென்று சொல்வது!

டயர் கடையின் பின்னறையில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கொரு டயரில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் புதைந்துபோய்ப் பேசினார்கள். உயிரைவிடப் பந்தயம் பெரிதா, நிறுத்து என்று ஒரு பாதி. ஒரு போனுக்குப் பயந்து இதை நிறுத்தினால், நாளைக்கு எவனோ போன் போட்டுச் சந்தையை நிறுத்துவான், அப்புறம் பள்ளிக்கூடத்தை நிறுத்துவான் என்று லாட்ஜ்காரர். அவருக்கு அறைகள் காலியாகிவிட்ட கவலை வேறு. கடைசியில் இன்ஸ்பெக்டர் ஒரு வழி சொன்னார். பாதை முழுவதையும் பார்த்துக்கொண்டே ஒரு குண்டு துளைக்காத வண்டி முன்னால் போகட்டும். பந்தயக் கார்கள் பின்னால் வரட்டும். யாரும் அதை முந்தக் கூடாது. அது போகிற வழியில்தான் போக வேண்டும். போலீஸிடம் அப்படி ஒரு வண்டி உண்டா என்று கேட்டதற்கு, உண்டு, இன்ஜின்தான் இல்லை என்றார். மூலையில் நின்றுகொண்டிருந்த மகள் கையைத் தூக்கிவிட்டாள்.

வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். கம்பெனி மேனேஜரும் சரி என்றுவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை வேன் சும்மாதானே நிற்கிறது. இனி உஷார் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

உஷாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவர் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பந்தயம் இல்லை. குழுத் தலைவர் இல்லை. திங்கட்கிழமை மகள் இரும்புக் கதவுக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்துவிடுவாள். பழி முழுக்க அந்தக் கரகரத்த குரலுக்குப் போய்விடும். முகம் தெரியாத அந்த மனிதருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

"மிரட்டல்னா மிரட்டல்தாம்மா. நிறுத்திட வேண்டியதுதான். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"உங்களுக்கு மிரட்டல் இல்லாத நாள்னு ஒண்ணு உண்டாப்பா? அதுக்காக ஒருநாளாவது வண்டி எடுக்காம இருந்திருக்கீங்களா?"

"அது வேற. பணம் போய்ச் சேரணும்ல."

"பணம்னா ஆபத்து இருந்தாலும் போகணும். சந்தோஷம்னா மட்டும் வீட்ல உக்காந்துக்கணுமா?"

உஷார் சோற்றைப் பிசைந்தார். பிசைந்ததையே திரும்பவும் பிசைந்தார். மனைவி கரண்டியை ஆட்டிக்கொண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்தால் மறு சோறு கிடையாது என்றாள். மகளின் கண் கலங்கியிருந்தது. அது அவரை என்னவோ செய்தது. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, பயந்தவர், அவ்வளவுதான்.

அப்போதுதான் அவர் மூளையில் அந்த யோசனை உதித்தது. யாரும் வேனை முந்தக் கூடாது. வேனை ஓட்டுவது யார்? அவர். எவ்வளவு வேகத்தில் ஓட்டுவார்? நாற்பது. அப்படியென்றால் பந்தயம் மொத்தமும் எவ்வளவு வேகத்தில் நடக்கும்? பந்தயம் நடந்த மாதிரியும் இருக்கும், மகள் நாற்பதைத் தாண்டாத மாதிரியும் இருக்கும். ஓட்டுறேன்மா என்றார். மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உஷாருக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருந்தது. ஆனாலும் இன்னொரு கவளம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் வேன் நின்றது. பின்னால் பந்தயக் கார்கள் உறுமிக்கொண்டிருந்தன. வேன் புறப்பட்டுக் கொஞ்ச நேரம் கழித்து முதல் கார், அதன் பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. முதல் கார் மகளுடையது. கன்மேன் வேனுக்குள் ஏறியதுமே தூங்கிவிட்டதால், இன்றைக்குப் பணம் இல்லை, இது பந்தயம் என்று டயர் கடைக்காரர் விளக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அவரைப் பொறுத்தவரை இன்னொரு வேலை நாள்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டருக்கு ஒரு கவலை வந்தது. வெளியூரிலிருந்து வந்திருக்கும் குழுத் தலைவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் தொப்பி போய்விடும். இருப்பதிலேயே பத்திரமான இடம் எது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த மனிதர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவரைக் கொண்டுபோய் வேனின் பின்பக்கம் பணப்பெட்டி வைக்கிற அறைக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினார். உள்ளே ஆசனம் கிடையாது. பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த கண்ணாடி ஒன்று உண்டு, பார்ப்பதற்கு.

உஷார் நாற்பதில் கிளம்பினார். மலை அழகாக இருந்தது. பறவைகள் கத்தின. மூன்றாவது வளைவில், பின்னால் ஒரு இரைச்சல் கேட்டது. ஓரக்கண்ணாடியில் சிவப்புக் கார் ஒன்று முளைத்தது. அது மகள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வாம்மா வா, வந்து பின்னாலேயே நில்லு என்று மனதுக்குள் கொஞ்சினார். காரோ வேனின் முதுகில் மூக்கை உரசுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு விடாமல் ஹாரன் அடித்தது.

அதில் கன்மேன் விழித்துக்கொண்டார்.

கண்ணைத் திறந்தவர் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். சிவப்புக் கார். அதற்குள் தலையை மூடிய இரண்டு பேர். வேன் ஓட ஆரம்பித்த காலத்திலிருந்து ஒருதடவைகூடச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காத அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது.

"டிரைவர், பின்னாடி வண்டி!"

உஷாரின் தலைக்கு எல்லாம் தெரியும். அது மகள், இது பந்தயம், பெட்டியில் பணம் இல்லை. ஆனால் காலுக்குத் தெரியாதே. இத்தனை வருடமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்துக் கிடந்த கால் அது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தது. அதே நேரத்தில் கன்மேன் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். சைரன் அலறியது. அந்தச் சைரனை நிறுத்துகிற சாவி கம்பெனியில் இருக்கிறது. சைரன் ஒலித்துவிட்டால் வேன் போலீஸ் ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை எங்கேயும் நிற்கக் கூடாது. யாருக்காகவும் கதவைத் திறக்கக் கூடாது. விதி அதுதான், உஷார் விதியை மீறுகிற ஆள் இல்லை.

"அண்ணே, அது என் பொண்ணுண்ணே" என்றார்.

"கொள்ளைக்காரங்க அப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க. மிதிங்க" என்றார் கன்மேன்.

பாதை உச்சியைத் தொட்டு இறங்க ஆரம்பித்தது. இரும்பும் கண்ணாடியுமாக அத்தனை கனமுள்ள வண்டிக்கு இறக்கம் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? முள் நாற்பதைத் தாண்டி, அது இதுவரை போயிராத இடங்களுக்கெல்லாம் போனது. வளைவுக்கு வளைவு வேன் சாய்ந்து நிமிர்ந்தது. பின்னால் பெட்டி அறைக்குள்ளிருந்து குழுத் தலைவர் இரண்டு கையாலும் சுவரைத் தட்டினார். இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு என்று அது இல்லாததால் உஷார் கண்டுகொள்ளவில்லை. மகளின் கார் அங்குலம் விலகாமல் பின்னாலேயே வந்தது. அவர் வெட்டிய இடத்தில் வெட்டியது, அடக்கிய இடத்தில் அடக்கியது. மில் மைதானத்தில் அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுவிடாமல் கண்ணாடியில் தெரிந்தது. உஷாருக்குக் கன்னம் வலித்தது. ஏன் என்று யோசிக்க நேரம் இல்லை.

மலையிறங்கியதும் சாலை பிரிகிறது. இடது பக்கம் போனால் பந்தயத்தின் முடிவுக்கோடு. அங்கே இன்ஸ்பெக்டர், டயர் கடைக்காரர், மொத்த போலீஸ் படை, ஊர்ச்சனம், எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். உஷாரின் மனைவியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு போய் உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம் போனால் போலீஸ் ஸ்டேஷன். வேன் வலது பக்கம் திரும்பியது. வேன் போகிற வழியில்தான் போக வேண்டும் என்பது இன்ஸ்பெக்டரே போட்ட உத்தரவு அல்லவா? மகள் வலது பக்கம் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் வந்த அத்தனை கார்களும் வரிசையாக வலது பக்கம் திரும்பின. முடிவுக்கோட்டில் நின்றவர்கள் சைரன் சத்தம் நெருங்கி வந்ததையும், பிறகு விலகிப் போனதையும் கேட்டுத் திருதிருவென்று விழித்தார்கள்.

ஸ்டேஷன் கேட் ஒரு வளைவை ஒட்டி இருக்கிறது. அதுவும் குறுகல். உஷார் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து ஒரே வெட்டில் வேனைத் திருப்பி உள்ளே நுழைத்தார். சிவப்புக் கார் அதே இடத்தில், அதே வெட்டில் உள்ளே வந்து வேனுக்குப் பக்கத்தில் நின்றது. அடுத்து வந்த கார் கேட்டைத் தவறவிட்டு எதிர்வீட்டுப் பூந்தொட்டிகளை வாரிக்கொண்டு போனது. மற்றவை வந்து தெருவை அடைத்தன.

ஸ்டேஷனில் ஒரே ஒரு காவலர் காவலுக்கு இருந்தார். மற்ற எல்லோரும்தான் மிரட்டலைச் சமாளிக்க முடிவுக்கோட்டுக்குப் போயிருந்தார்களே. சைரனோடு ஒரு கேஷ் வேனும், பின்னால் தலையை மூடிய படையும் உள்ளே பாய்ந்ததைப் பார்த்த அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஓட ஆரம்பித்ததும் நேராக லாக்கப்புக்குள் ஓடி கதவை இழுத்துச் சாத்த, அது தானே பூட்டிக்கொண்டது. சாவி வெளியே மேஜை மேல் இருந்தது.

ஊர் முழுக்க ஸ்டேஷனுக்கு ஓடி வந்தது. உஷாரும் கன்மேனும் ஆளுக்கொரு சாவி போட்டுப் பின்கதவைத் திறந்தார்கள். குழுத் தலைவர் தவழ்ந்து வந்து தரையில் உட்கார்ந்தார். சட்டை கசங்கி, தலை கலைந்து, ஒரு கால் செருப்பைக் காணவில்லை. உஷார் பேயறைந்த மாதிரி நின்றார். தன் புத்திசாலித்தனத்தால் மகளின் பிழைப்பில் மண்ணைப் போட்டாயிற்று என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் நோட்டு எண்ணப் போக வேண்டும் என்றுதான் அவர் ஆசைப்பட்டார். ஆனால் இப்படி இல்லை. இவ்வளவு அழகாக ஓட்டுகிறவள் என்று தெரிந்த பிறகு இல்லை.

"சார், தப்பெல்லாம் என்னோடது. பொண்ணு மேல கோவிச்சுக்காதீங்க" என்றார்.

குழுத் தலைவர் கையை நீட்டினார். எழுப்பிவிடச் சொல்கிறார் என்று புரிய உஷாருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"வழியெல்லாம் அந்தக் கண்ணாடியில அந்தப் பொண்ணு முகத்தை மட்டும்தான் பாத்துக்கிட்டே வந்தேன். வேற எங்க பாத்தாலும் வாந்தி வந்தது" என்றார் அவர். "உங்க வண்டி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடுது, அவ கை ஆடல. ஒரு இடத்துல பதறல. நாளைக்கே வரச் சொல்லுங்க." பிறகு, ஏதோ நினைவு வந்த மாதிரி, "சிரிச்சுக்கிட்டே வந்தா சார். முழுத் தூரமும்" என்றார்.

உஷார் மகளைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்னமும் சிரிப்பு போகவில்லை. இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை ஒரு தடவைகூடப் பார்க்காமல் கப்புகளை மட்டும் பூட்டி வைத்திருந்தோமே என்று இடுப்பில் இருந்த அலமாரிச் சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்படியா ஓட்டுவா என் பொண்ணு, இவ்வளவு ஆபத்துல சிரிச்சுக்கிட்டு?" என்று யாரிடமோ கேட்பது போலக் கேட்டார்.

கன்மேன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்களும்தான் டிரைவர்."

அப்போதுதான் கன்னம் ஏன் வலித்தது என்று உஷாருக்குத் தெரிந்தது.

கப்பை மகளுக்கே கொடுத்தார்கள். முதலில் வந்தது வேன்தானே என்று லாட்ஜ்காரர் கொஞ்ச நேரம் வம்பு வளர்த்துப் பார்த்தார், எடுபடவில்லை. மனைவி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்து சேர்ந்து, வாழ்க்கையில் முதல் தடவை இந்த மனிதர் வேகமாக ஓட்டியிருக்கிறார், அதையும் என்னைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டார் என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். லாக்கப்பில் இருந்த காவலர் தன்னையும் வெளியே விடச் சொல்லிக் கூப்பிட்டது யார் காதிலும் விழவில்லை. சைரன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அந்தக் கரகரத்த குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. திரும்பவும் அது போன் செய்யவில்லை.

மகள் வெளியூர் போய்விட்டாள். நோட்டு எண்ணுகிற அறையில் வேறு யாரோ பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். உஷார் இப்போதும் அதே வேனில் நாற்பதில் போய்க்கொண்டிருக்கிறார். அலமாரியின் பூட்டை எடுத்துவிட்டார், வருகிறவர்கள் கப்புகளைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஒருநாள் வங்கிக்குப் போகிற வழியில் ஒரு தண்ணீர் லாரி வேனின் பின்னால் மிகவும் நெருங்கி வந்தது. உஷார் ஓரக்கண்ணாடியைப் பார்த்தார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். கால் தயாரானது. லாரி இடது பக்கச் சந்தில் திரும்பிப் போய்விட்டது.

"சே" என்றார்.

கன்மேன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "என்ன டிரைவர்?"

"ஒண்ணுமில்லண்ணே. தூங்குங்க."